பொழுதோடு ஒரு பிடி உணவு
முதியோர் இல்லங்களில் வாழ்வின் தரம்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் பேருந்துகள் புறப்பட்ட வண்ணம் உள்ளன. பிழைப்பு நாடி அவற்றில் ஏறிச் செல்லும் இளையோர் பலர். வீட்டில் தனித்திருக்கும் பெற்றோரும் பலர். வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து பணியின் பொருட்டு இந்நகரில் குடியேறிய நம் சமூகக் குடும்பங்கள் சிலவற்றிற்கும் இந்நிலை நேர்ந்துள்ளது.

அத்தகைய குடும்பத்து மூதாட்டியார் ஒருவரை, ஆரப்பாளையத்தை அடுத்த ஒரு முதியோர் இல்லத்தில் கண்டு உரையாடினோம். அறை தூய்மையாக இருந்தது. மருந்து நேரந்தவறாது கொடுக்கப்பட்டது. மகன் மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தார். ஆயினும் அம்மையார் மிகவும் மெலிந்திருந்தார். இல்லத்துப் பதிவேட்டில், "இரவு உணவை மறுக்கிறார்" என்று பல நாள்கள் எழுதப்பட்டிருந்தது. அங்கு இரவு உணவு 7.30 மணிக்கு. அம்மையாரோ பொழுது சாய்ந்தபின் உண்ணாமை என்னும் நோன்பை மணமான நாள் முதல் காத்து வருபவர். "இதனை ஏன் கூறவில்லை?" என வினவினோம். "யாரும் கேட்கவில்லையே, கேட்காத இடத்தில் சொல்லித் தொல்லை கொடுப்பானேன்?" என்றார்.

வாழ்வின் தரம் யாது?

முதியோர் இல்லத்தைத் தேடும்போது கட்டடம், கழிப்பறை, மருத்துவர் வருகை, மாதக் கட்டணம் ஆகியவற்றை நாம் பார்க்கிறோம். இவை வேண்டுவனவே; ஆனால் இவை மட்டும் போதா. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டிற்கும் மதிப்பீடுகளுக்கும் உட்பட்டு, தம் எதிர்பார்ப்புகளோடு ஒப்பிட்டுத் தம் நிலையைத் தாமே எவ்வாறு உணர்கிறார் என்பதே வாழ்வின் தரம் என உலக சுகாதார நிறுவனம் விளக்குகிறது. அதனை அளக்க அந்நிறுவனம் வகுத்த 26 வினாக்கள் கொண்ட சுருக்கப் படிவம், உடல்நலம், மனநலம், சமூக உறவு, சூழல் என்னும் நான்கு பகுதிகளை உடையது. முதியோர்க்கெனப் பின்னர் அமைத்த 24 வினாக்களில் தன்னுரிமையும் ஒரு கூறாகும். எனவே, அம்மையாரின் வாழ்வு எத்தகையது எனக் கூற வேண்டியவர் மேலாளரும் அல்லர், மகனும் அல்லர், அம்மையாரே ஆவார்.

கேட்பதன் பயன்

1976-ஆம் ஆண்டில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியல் அறிஞர் இருவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் மேற்கொண்ட ஆய்வை வெளியிட்டனர். ஒரு தளத்தில் இருந்தோரிடம், தம் அறையை அமைப்பதும் பொழுதைக் கழிப்பதும் அவரவர் பொறுப்பே எனக் கூறி, விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே வளர்க்குமாறு கூறினர். மற்றொரு தளத்தில் இருந்தோர்க்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு நீர் ஊற்றுவோர் பணியாளர் என அறிவிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின், பொறுப்பும் தெரிவும் பெற்றவர்களிடம் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் மிகுந்து காணப்பட்டன. இரு தளத்தாரும் செடியைப் பெற்றனர்; தெரிவு செய்யும் உரிமையே வேறுபாடு.

சட்டமும் நம் கடமையும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றையாவது மாவட்டந்தோறும் மாநில அரசு நிறுவலாம் என அதன் 19-ஆம் பிரிவு கூறுகிறது. இல்லங்களில் மருத்துவ வசதிக்கும் பொழுதுபோக்கிற்கும் உரிய தரங்களை வகுப்பதையும் அப்பிரிவு குறிப்பிடுகிறது. உதவி வேண்டும் முதியோர் 14567 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். ஆயினும் ஒருவர் எப்பொழுது உண்பார், எந்நாளில் நோன்பிருப்பார் என்பதைச் சட்டம் கேட்டறியாது. அதனை இல்லத்தாரிடம் எடுத்துரைப்பது குடும்பத்தாரின் கடமை.

ஆதலின் பெற்றோரை இல்லத்தில் சேர்க்குமுன், அவர்களையும் உடன் அமர்த்திப் பின்வருவனவற்றை உசாவி, எழுத்தில் பெறுதல் நன்று.

1. மாலை உணவு 5.30 மணிக்குக் கிடைக்குமா? மதுரையில் கதிரவன் மறைவது பருவத்திற்கேற்ப ஏறத்தாழ 6 மணி முதல் 6.45 மணி வரை ஆதலால், இந்நேரம் ஆண்டு முழுவதற்கும் பொருந்தும்.
2. கிழங்கு வகைகள் நீக்கிய உணவும் வடிகட்டிய நீரும் கிடைக்குமா?
3. அட்டமி, சதுர்த்தசி நோன்பு நாள்கள் பணியாளர்க்கு முன்னரே தெரிவிக்கப்படுமா?
4. நீரிழிவு முதலிய நோயுடையார்க்கு உணவு நேரம் மாறினால், மருந்து நேரத்தை மருத்துவர் மாற்றி வகுப்பாரா? மருத்துவரைக் கேளாது நாமே மாற்றுதல் தீங்காகும்.
5. எழும் நேரம், குளிக்கும் நேரம், வழிபாட்டு நேரம் ஆகியவற்றை அவரே தெரிந்துகொள்ள இயலுமா?

மேற்கூறிய அம்மையாரின் பொருட்டு மேலாளரிடம் பேசினோம். அவர் மறுத்துரைக்கவில்லை, "இதுவரை எங்களிடம் எவரும் கூறவில்லை" என்றே வருந்தினார். மருத்துவரைக் கேட்டு மருந்து நேரம் மாற்றப்பட்டது. மாலைச் சிற்றுண்டி சமைக்கும் அடுப்பிலேயே அம்மையாருக்குரிய சோறும் பொழுதோடு ஆயிற்று. கூடுதல் செலவு ஏதுமில்லை. சில நாள்களில், நோன்பு ஏதுமில்லாத வேறு இரு முதியவர்களும், "எங்களுக்கும் முன்னரே கொடுங்கள், விரைவில் உறங்கிவிடுகிறோம்" என்று கேட்டனராம். அவர்களையும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த முறை பெற்றோரைக் காணச் செல்லும்போது பழமும் பலகாரமும் கொண்டு செல்வோம். அவற்றோடு, "இங்கு எது உங்கள் விருப்பப்படி நடக்கவில்லை?" என்னும் வினாவையும் கொண்டு சென்று, விடை வரும்வரை பொறுமையோடு அருகில் அமர்ந்திருப்போமாக.