வட்டமே ஆசிரியர்: பிள்ளைகளோடு வரைந்து நிறந்தீட்டச் சில வடிவங்கள்



விடுமுறை வந்ததும் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு நிறந்தீட்டும் புத்தகம் ஒன்றும் வர்ணப் பென்சில் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். நல்ல வழக்கமே. பிள்ளை ஓரிடத்தில் அமரும், கை பழகும், வீடும் சற்று அமைதியாயிருக்கும். ஆயினும் அப்புத்தகங்களில் ஒரு குறை உண்டு. கோடுகளை எவரோ முன்னரே வரைந்துவிட்டார். பிள்ளைக்கு விடப்பட்டிருப்பது இடைவெளி மட்டுமே. அந்தக் கோடு ஏன் அங்கே வளைந்தது, அந்தப் பூவிற்கு ஏன் ஆறு இதழ்கள் என்று பிள்ளை கேட்பதில்லை. கேட்டாலும் புத்தகம் விடை சொல்வதில்லை.

ஆகவே இவ்வாரம் ஒரு யோசனை சொல்கின்றோம். நிறத்தை மட்டுமல்ல, கோட்டையும் பிள்ளையே வரையட்டும். அதற்குச் சித்திரம் கீறும் வரம் வேண்டியதில்லை. வட்டம் ஒன்று வரையத் தெரிந்தால் போதும். "எனக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்லி ஒதுங்கும் பிள்ளைக்கே இப்பாடம் முதலில் உரியது.

எமது பள்ளிக் காலத்து நினைவு ஒன்று. அண்ணன்மார் பாவித்து முடித்த கொம்பாஸ் பெட்டிதான் எமக்குக் கிடைத்தது. அதிலிருந்த கவராயத்தின் கால்கள் தளர்ந்திருந்தன. ஆறிதழ்ப் பூ வரையச் சொன்னார்கள். எத்தனை முறை வரைந்தும் கடைசி இதழ் முதலாவது இதழோடு பொருந்தவில்லை. எமக்குக் கணிதம் வராது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். குற்றம் அறிவில் அல்ல, தளர்ந்த ஆணியில் என்பதைச் சொல்லித்தர எவருமில்லை. அந்தக் குறையை உங்கள் பிள்ளைக்கு வைக்க வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தளராத கவராயம்

தடித்த மட்டையில் ஏழு சென்ரிமீற்றர் நீளமும் இரண்டு சென்ரிமீற்றர் அகலமும் உள்ள துண்டொன்றை வெட்டுங்கள். பிஸ்கற் பெட்டி மட்டையை இரண்டாக ஒட்டினாலும் போதும். அடிமட்டத்தால் அளந்து, நான்கு சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளைகள் இடுங்கள். ஒன்றில் குண்டூசி, மற்றதில் கூராக்கிய பென்சிலின் முனை. இதுவே உங்கள் கவராயம். கடையில் வாங்கியது வேலையின் நடுவே விரிந்துவிடலாம். மட்டைத் துண்டு விரியாது. சிறு பிள்ளைகளாயின் ஊசியைப் பெரியவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி நழுவாதிருக்கத் தாளின் கீழே பழைய கொப்பி ஒன்றை வையுங்கள்.

ஆறு அடிகள்

தாளின் நடுவில் ஊசியை ஊன்றி ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்தின் கோட்டில் விரும்பிய இடத்தில் ஒரு புள்ளி இடுங்கள். இனி ஊசியை அப்புள்ளியில் ஊன்றி, வட்டத்தின் உள்ளே ஒரு வில் வரையுங்கள். அந்த வில் மையத்தினூடாகச் சென்று, வட்டத்தை இரண்டு இடங்களில் தொடும். அவற்றுள் வலப்பக்கத்துப் புள்ளிக்கு ஊசியை மாற்றி மீண்டும் ஒரு வில். இப்படியே வலமாக நகர்ந்து செல்லுங்கள். ஆறாவது முறை அடி வைத்ததும் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்திருப்பீர்கள். தாளில் ஆறிதழ்ப் பூ ஒன்று மலர்ந்திருக்கும்.

ஏன் ஆறு? ஏன் ஐந்தல்ல, ஏழல்ல? வட்டத்தின் மையத்தையும் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணைத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் ஒரே அளவு, ஏனெனில் மூன்றும் மட்டைத் துளைகளின் இடைவெளியே. ஆக, அது சமபக்க முக்கோணி. அதன் ஒவ்வொரு கோணமும் 60 பாகை. மையத்தைச் சுற்றி 360 பாகை உண்டு. அறுபதை ஆறு முறை வைத்தால் மீதியின்றி நிரம்பும். கிரேக்க அறிஞர் யூக்கிளிட், கி.மு. 300 அளவில் எழுதிய 'மூலங்கள்' என்னும் நூலின் முதலாம் பாகத்து முதலாவது செய்கையே வட்டங்களால் சமபக்க முக்கோணி அமைப்பதுதான். வட்டத்துள் அறுகோணி அமைக்கும் செய்கை நான்காம் பாகத்தில் வருகிறது. உங்கள் பிள்ளை மேசையில் வரைந்தது அந்தப் பழைய செய்கையே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்ளலாம். ஆறு அடிகளில் சுற்றி வந்ததால் வட்டத்தின் பரிதி ஆரையைப் போல் ஆறு மடங்கு என்று சில பிள்ளைகள் சொல்வர். அப்படியல்ல. நாம் அளந்தது நேர்கோட்டில். வட்டமோ வளைந்து செல்கிறது. நான்கு சென்ரிமீற்றர் ஆரையில் ஆறு நேர் அடிகள் 24 சென்ரிமீற்றர். பரிதியோ ஏறத்தாழ 25.1 சென்ரிமீற்றர். ஒரு நூலை வட்டத்தின் மேல் வைத்து அளந்து பிள்ளையே இதைக் கண்டுபிடிக்கட்டும்.

இனி இப்பாடத்தின் முக்கியமான இடத்திற்கு வருவோம். ஒவ்வொரு அடியும் அரை மில்லிமீற்றர் கூடிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீற்றர் என்பது பென்சில் கோட்டின் தடிப்பு; கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆறாவது அடி முடியும்போது, தொடங்கிய புள்ளியை ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் தாண்டி நிற்போம். அது நன்றாகத் தெரியும். பிள்ளையின் வேலை சரியா பிழையா என்று சொல்ல ஆசிரியரின் சிவப்பு மை தேவையில்லை. வட்டமே சொல்லிவிடுகிறது. அது கடிந்துகொள்வதில்லை, முகம் பார்த்துப் புள்ளி போடுவதுமில்லை. பிழையைத் தானே கண்டு தானே திருத்தும் பழக்கம் பிள்ளைக்கு இவ்வழியில் வரும்.

எத்தனை நிறம் வேண்டும்?

இனி அதே வட்டத்தின் ஆறு புள்ளிகளிலும் ஊசியை ஊன்றி, வில்லோடு நிறுத்தாமல் முழு வட்டங்களை வரையுங்கள். நடு வட்டத்தோடு ஏழு வட்டங்கள். வடிவம் முழுவதும் 16 சென்ரிமீற்றர் அகலமே ஆதலால் சாதாரணத் தாளில் அடங்கும். கட்டங்கள் பல ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே நிறமாகாதபடி தீட்டுவதற்கு எத்தனை பென்சில் வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஐந்து, ஆறு என்று சொல்லும். உண்மையில் ஒரு நிறமும் தாளின் வெள்ளையும் போதும்.

வழி இதுதான்: ஒவ்வொரு கட்டமும் எத்தனை வட்டங்களுக்குள் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றை எண்ணாயின் நிறந்தீட்டுங்கள். இரட்டை எண்ணாயின் வெள்ளையாக விடுங்கள். நடுவிலுள்ள இதழ் ஒவ்வொன்றும் நான்கு வட்டங்களுக்குள் இருக்கும்; ஆகவே வெள்ளை. இதழ்களின் இடையிலுள்ள கட்டங்கள் மூன்று வட்டங்களுக்குள், ஆகவே நிறம். எந்தக் கோட்டைத் தாண்டினாலும் ஒரு வட்டத்துள் புகுகிறோம், அல்லது ஒரு வட்டத்தை விட்டு வெளியேறுகிறோம். எண்ணிக்கை ஒன்றால் மாறுகிறது. ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். அதனாலேயே அயற் கட்டங்கள் ஒருபோதும் ஒரே நிறமாவதில்லை. வட்டங்கள் எத்தனை வரைந்தாலும், எப்படி வரைந்தாலும் இவ்விதி பிழைக்காது.

தேசப்படம் போன்ற ஒழுங்கற்ற வடிவங்களுக்கு இரண்டு நிறம் போதாது. 1852இல் பிரான்சிஸ் குத்ரி என்னும் இளைஞர் இங்கிலாந்தின் மாவட்டப் படத்துக்கு நிறந்தீட்டும்போது, நான்கு நிறங்களே போதுமே என்று கண்டார். எந்தப் படத்துக்கும் அது போதுமா என்று அவர் எழுப்பிய கேள்வி, பெரிய கணித அறிஞர்களையும் நூற்றாண்டுக்கு மேல் திணற வைத்தது. 1976இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்பெல், ஹாக்கன் என்னும் இருவர் கணினியின் துணையோடு போதும் என்று நிறுவினர். நிறப் பென்சிலோடு இருக்கும் பிள்ளையின் கேள்வியை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள்.

கல்லில் மலர்ந்த பூ

பிரான்ஸ் நாட்டின் சார்த்தர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட பெரிய வட்ட யன்னல்கள் உண்டு. ரோசா யன்னல் என்பர். வடபுறத்து யன்னலின் நடுவில் தேவ அன்னை பாலனோடு வீற்றிருக்க, சுற்றிலும் யூதாவின் அரசர்களும் இறைவாக்கினர்களும் பன்னிரண்டு பன்னிரண்டாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளனர். வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரிப்பது, நாம் பிரித்த ஆறு பங்குகளையும் பாதியாக்குவதே. அக்காலத்துக் கட்டடக் கலைஞர்கள் கவராயத்தையும் நேர்விளிம்பையும் கொண்டே தமது அளவுகளை வகுத்தனர்.

வீட்டு யன்னலுக்கும் ஒன்று செய்யலாம். கறுப்பு பிரிஸ்டல் போட்டில் ஆறிதழ்ப் பூவை வரைந்து, இதழ்களைச் சற்று உட்புறமாக வெட்டி எடுங்கள். அப்போது இதழ்களிடையே கறுப்புச் சட்டம் எஞ்சி நிற்கும். மையத்திலும் ஒரு சிறு வட்டத்தை வெட்டாமல் விடுங்கள்; இல்லையேல் சட்டம் அறுந்துவிடும். பின்புறத்தில் பட்டம் கட்டும் மெல்லிய நிறத்தாளை ஒட்டி, காலை வெயில் படும் யன்னலில் தொங்கவிடுங்கள். நிறம் நிலத்தில் விழுவதைப் பிள்ளையே காட்டும்.

பழைய வாழ்த்து மடல்களில் ஒரு பந்து

நத்தார் வாழ்த்து மடல்களை எறிய மனமின்றிப் பெட்டியில் கட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவற்றுக்கு இது நல்ல பயன். மடல்கள் இல்லையெனில் பழைய நாட்காட்டி மட்டையோ கொப்பி மட்டையோ போதும்.

அதே மட்டைக் கவராயத்தால் இருபது வட்டங்கள் வரைந்து வெட்டுங்கள். ஒரு வட்டத்தில் ஆறு புள்ளிகளையும் குறித்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று புள்ளிகளை இணைத்தால் சமபக்க முக்கோணி கிடைக்கும். அதைத் தனியே வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, ஏனைய வட்டங்களில் அதே முக்கோணியைக் குறியுங்கள். அச்சுக்காக ஒரு வட்டம் செலவாவதால் இருபத்தொன்றாக வெட்டுவது நல்லது. முக்கோணியின் மூன்று பக்கங்களிலும் எஞ்சும் வில் வடிவத் துண்டுகளைப் படம் உள்ள பக்கமாக மேலே மடியுங்கள். அவையே ஒட்டும் செவிகள்.

ஐந்து முக்கோணிகளை ஒரு முனையைச் சுற்றிச் செவிகளால் ஒட்டினால் ஒரு மூடி. இப்படி இரண்டு மூடிகள். மீதிப் பத்தையும் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்துமாக வரிசையாய் ஒட்டி, இரு நுனிகளையும் சேர்த்து வளையமாக்குங்கள். வளையத்தின் மேலும் கீழும் மூடிகளை ஒட்டுங்கள். மேல் மூடியின் முனையில் நூலைக் கோத்து உட்புறமாக முடிச்சிட்ட பின்னரே அம்மூடியை ஒட்ட வேண்டும். முனைக்கு முனை ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் உள்ள அழகிய பந்து தயார். பாலன் குடிலின் மேலே தொங்கவிடலாம்.

பசை காயும் வரை ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு முனையைச் சுற்றி ஐந்து முக்கோணிகளுக்குப் பதிலாக ஆறு ஒட்டினால் என்னவாகும்? பிள்ளை ஒட்டிப் பார்க்கட்டும். அது மேசையில் தட்டையாகக் கிடக்கும். ஆறு அறுபதுகள் 360 அல்லவா? முதலில் வரைந்த பூவின் கணக்கே இங்கு திரும்பி வருகிறது. ஒன்றை நீக்கி ஐந்தாக்கினால் மட்டை தானே எழுந்து கூடாரமாகிறது. பந்துக்கு முகங்கள் 20, விளிம்புகள் 30, உச்சிகள் 12. முகத்தையும் உச்சியையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் வருவது 2. ஒரு தீப்பெட்டியிலும் இதே கணக்கைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழு இதழ் கேட்டால்

பிள்ளைகள் அடுத்து ஏழிதழ்ப் பூ கேட்பர். கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு வட்டத்தைச் சரியாக ஏழாகப் பிரிக்க எவராலும் இயலாது. முயற்சி போதாமையால் அல்ல. இயலாது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் பதினேழாகப் பிரிக்கலாம் என்று 1796இல் காட்டியவர் கவுஸ் என்னும் ஜேர்மானியர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. எவ்வெண்கள் இயலும், எவை இயலா என்பதற்கான நிறுவலை 1837இல் வான்செல் என்னும் பிரெஞ்சுக்காரர் நிறைவு செய்தார். "உன்னால் முடியாது" என்பது வேறு, "இது எவராலும் முடியாது" என்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளை இளமையிலேயே அறிவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பூ பொருந்தாமற்போனால் பென்சிலை வாங்கி நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டாம். "உனக்கு இது வராது" என்றும் சொல்ல வேண்டாம். "எத்தனையாவது அடியில் ஊசி நழுவியது?" என்று மட்டும் கேளுங்கள். துளை பெருத்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். பின்னர் புதிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ஆறாவது அடி தொடங்கிய புள்ளியில் வந்து விழும்போது பிள்ளை தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அவ்வேளையில் நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.