கடலுக்குள் இறங்கும் முன்

சௌபாக்கியவதி மீனாட்சிக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகை அச்சடிக்கும் கவலைக்கும் ஜவுளி எடுக்கும் அலைச்சலுக்கும் நடுவே, கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இருவரும் அந்தமானிலுள்ள ஹேவ்லாக் தீவுக்குத் தேனிலவு செல்லப்போவதையும், அங்கே ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வேண்டுமென்று மாப்பிள்ளை மிகவும் பிரியப்படுவதையும், அவருக்குள்ள நீச்சல் பழக்கம் உனக்கு இல்லாததால் உள்ளூரப் பயமாக இருப்பதையும், அதை அவரிடம் சொல்ல லஜ்ஜையாக இருப்பதையும் எழுதியிருக்கிறாய். போர்ட் பிளேரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் அந்தக் கடலிலேயே இவ்வித்தையைக் கற்றுக்கொண்டவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. அவரிடம் சொல்லத் தயங்குவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஹேவ்லாக்கிற்கு 2018 முதல் சுவராஜ் தீவு என்று பெயர். போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கப்பல் பிரயாணம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள் தங்கள் கிராமங்களுக்குக் கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ராதாநகர் என்று பெயரிட்டு வாழ்ந்துவரும் ஊர் அது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் சாந்தமாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிப்போகும்.

அங்கே ஸ்கூபா டைவிங்குக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று, அரைநாளில் முடிவது. பயிற்சியாளர் உன்னைப் பிடித்துக்கொண்டே அழைத்துச் சென்று காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார். 12 மீட்டருக்குக் கீழே போகமாட்டார்கள். மற்றொன்று, மூன்று நான்கு நாள் பிடிக்கும் ஓப்பன் வாட்டர் பயிற்சி. அதில் பாடம் உண்டு, பரீட்சை உண்டு, கடலில் நான்கு முக்குளிப்புகள் உண்டு. தேறியவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். இதற்கு 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிஷம் எதையும் பற்றாமல் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருப்பதால் இப்போதே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்துவிடு. அதற்குள் நீச்சல் படியாவிட்டால், அரைநாள் மார்க்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி மூச்சைப் பற்றிச் சொல்கிறேன்; இந்த வித்தையின் சாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. தண்ணீரில் மூழ்கும்போது மூச்சை அடக்க வேண்டும் என்று குழந்தைப் பருவம் முதல் நமக்குச் சொல்லிவந்திருக்கிறார்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தால் ஆழத்தை அடைந்து, மேலே இழுத்த ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பி பொறுக்கி வந்தார்கள். அவர்களுக்கு அது சரி. ஏனென்றால் மேலே இழுத்த காற்று ஆழத்தின் அழுத்தத்தில் சுருங்கி, மேலே திரும்பும்போது தன் பழைய அளவை அடையுமே தவிர அதைத் தாண்டிப் பெருகாது. ஆனால் நீ சுவாசிக்கப்போவது சிலிண்டரில் அடைத்த காற்றை. 1943-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து செய்த கருவியின் வம்சத்தில் வந்ததுதான் இன்றைய ரெகுலேட்டர். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் அமைத்த வால்வே அதற்கு மூலம். சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றை உன் வாய்க்குத் தருவது அதன் தொழில். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. ஆகவே அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி அக்காற்று இரு மடங்காகப் பெருகி, போக வழியின்றி நுரையீரலைக் கிழித்துவிடும். இரண்டு மீட்டர்கூட ஆழமில்லாத குளங்களில் இவ்வபாயம் நேர்ந்திருக்கிறது. ஆகையால் எந்த நிலையிலும், பயத்திலும்கூட, மூச்சை நிறுத்தாமல் நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வருவதும் மிக மெதுவாக, நிமிஷத்துக்கு ஒன்பது பத்து மீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும்.

காதுக்கும் அதே விதிதான். இறங்கத் தொடங்கிய முதல் சில மீட்டர்களிலேயே செவிப்பறை உள்ளே அமுங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காதுக்குள் காற்றுப் போய் அது சமனாகும். வலி வந்தபின் ஊதுவது தாமதம். வலிக்கும் முன்பே, அடிக்கடி ஊத வேண்டும். சமனாகவில்லையென்றால் சற்று மேலே ஏற வேண்டும். அப்போதும் ஆகவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். ஜலதோஷத்தோடு எவரும் இறங்கலாகாது.

பயம் எங்கே வரும் தெரியுமா? ஆழத்தில் வராது, முதல் நாளன்று மார்பளவு தண்ணீரிலேயே வந்துவிடும். அங்கே உன்னை மண்டியிட வைத்து, மாஸ்க்கின் விளிம்பைச் சற்றே விலக்கி, வேண்டுமென்றே உள்ளே தண்ணீரை விடச் சொல்வார்கள். உப்புநீர் மூக்கின்மேல் ஏறும், கண் கரிக்கும், வாயில் ரெகுலேட்டர் காற்றைத் தந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்திருந்தும், எழுந்து நில் என்று சரீரம் முழுவதும் பதறும். அந்தக் கணத்தில் வாயால் ஒரு மூச்சு இழுத்து, மாஸ்க்கின் மேல்விளிம்பை விரல்களால் நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று உயர்த்தி, மூக்கால் மெல்ல ஊதினால், தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக இறங்கி ஓடிவிடும். எதிரே மணலில் கிடக்கும் சிப்பித் துண்டின் வரிகூடத் தெளிவாகத் தெரியும். இதைப் பதற்றமில்லாமல் செய்ய வரும்வரை அங்கேயே பழகு. பயிற்சியாளர் அவசரப்படுத்தினால் வேறு பயிற்சியாளரைக் கேள்.

தலைமுடியை இறுகப் பின்னிக்கொள். ஓர் இழை மாஸ்க்குக்கு அடியில் சிக்கினாலும் தண்ணீர் கசியும். ஜிமிக்கியையும் மோதிரத்தையும் அறையில் வைத்துவிட்டுத் தாலிக்கொடியை உடைக்குள் செருகிக்கொள். உன் கை மருதாணி 10 மீட்டர் ஆழத்தில் கறுத்துத் தோன்றினால் திகைக்காதே. சிவப்பு நிறத்தைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். முத்துக் குளிப்பவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாகவே இருப்பான் என்றும், தன் சகோதரி தாலியிழக்க அவன் சம்மதியான் என்பதே அதற்குக் காரணம் என்றும் தென்கடற்கரையில் சொல்வதுண்டு. ஸ்கூபாவில் அந்தக் கயிறு கிடையாது. அதற்குப் பதிலாகத் துணைவர் உண்டு. இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதித்து, உள்ளே ஒருவர் காற்றளவை மற்றவர் விசாரித்து, ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவர் தம்மிடமுள்ள இரண்டாவது ரெகுலேட்டரைக் கொடுத்து மேலே அழைத்துவர வேண்டும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் சௌக்கியம் என்று பொருள். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போவோம் என்று பொருள். யார், எப்போது, எந்தக் காரணத்துக்காக அந்தக் கட்டைவிரலை உயர்த்தினாலும், மற்றவர் காரணம் கேளாமல் உடனே கூட வர வேண்டும் என்பது அந்தத் தொழிலில் மீறக்கூடாத தர்மம். புதுத் தம்பதிகள் பலரை அங்கே கவனித்திருக்கிறேன்; கணவரின் உற்சாகம் கெட்டுவிடுமே என்று காதுவலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கும் பெண்களும், மனைவியின் எதிரில் தைரியம் குறைந்துவிடுமே என்று நடுக்கத்தை மறைக்கும் ஆண்களும் உண்டு. தண்ணீருக்கடியில் துணைவர் தன் நிலையை உள்ளபடி தெரிவிப்பார் என்ற நம்பிக்கையில்தான் மற்றவருடைய உயிரும் இருக்கிறது. அதனால்தான் கரையிலேயே சொல்லப் பழகு என்கிறேன். மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை: மீனாட்சிக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பயிற்சியாளரிடமே விட்டுவிடுங்கள், துணைவராக மட்டும் இருங்கள்.

பயிற்சி தொடங்குமுன் வைத்தியப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, காதில் அறுவை சிகிச்சை, வலிப்பு, இருதய நோய் ஆகியவற்றைக் கேட்டிருக்கும். உனக்குச் சிறு வயதில் இருந்த இளைப்பை நான் மறக்கவில்லை. ‘ஆம்’ என்று எழுதினால் வைத்தியரின் கையெழுத்துக் கேட்பார்கள் என்பதற்காக ‘இல்லை’ என்று எழுதிவிடாதே. தீவில் போய் வைத்தியரைத் தேடுவதைவிட, புறப்படுமுன் நம் ஊரிலேயே நுரையீரல் நிபுணரிடம் காட்டிவிடு. அவர் வேண்டாமென்றால் வேண்டாம்.

பவழப்பாறையைக் கல் என்று எண்ணிக் கையூன்றிவிடாதே. அது உயிர்களின் கூட்டம். பெரும் பாறைகளாக வளரும் இனங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. 2010-ல் கடல் நீர் சூடேறியபோது அந்தமான் பவழங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. மிஞ்சியதையும் மீண்டதையும்தான் நீ பார்க்கப்போகிறாய். செத்துக் கரையொதுங்கிய துண்டைக்கூட எடுத்துவரச் சட்டம் இடம் தரவில்லை.

கடைசியாகப் பயணத் திட்டத்தைப் பற்றி. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் உடலுக்குள்ளேயே குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். 1908-ல் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு நிதானமாக மேலே வர வேண்டும் என்பதற்கு அட்டவணை வகுத்தார். உயரத்தில் பறக்கும் விமானத்தினுள்ளும் அழுத்தம் குறைவே. பல முக்குளிப்புகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஒரு முழு நாள் கழிவது உத்தமம். ஆகவே கடைசி முக்குளிப்புக்கு மறுநாளை ராதாநகர் கடற்கரைக்கென்று ஒதுக்கிவிட்டு, அதற்கும் அடுத்த நாளுக்கே திரும்பும் டிக்கெட்டை எடுக்கும்படி மாப்பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடு.

இப்படிக்கு,
மாமா