லயத்து வாசலில் ஒரு கைப்பேசி

கேள்வி: கொரோனா நகர வாழ்க்கையை மாற்றியது என்கிறார்கள். நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் என்ன மாறியது? (வாசகர், பகாவ்)

பதில்: சிரம்பான், நீலாய் தொழிற்சாலைகளிலும் கோலாலம்பூர் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்களில் பலர் நம் லயத்துப் பிள்ளைகள்தானே! 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் சிலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள், சிலர் வாடகை அறையில் மாட்டிக்கொண்டார்கள். மாநில எல்லை தாண்டும் தடை விட்டுவிட்டு நீடித்து, 2021 அக்டோபர் 11-இல்தான் தடுப்பூசி போட்டு முடித்தவர்களுக்கு நீங்கியது. அதுவரை அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்தவர்கள் எத்தனை பேர்!

இந்த மாநிலத்துக்கு ஊர் முடங்குவது புதிதல்ல. 1998–99-இல் புக்கிட் பெலாண்டோக் பக்கம் நிப்பா கிருமி பரவியபோது ஊரே காலியானது. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு.

கொரோனா வந்தபோது நகரத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். செம்பனைக் குலை வெட்டுவதை வீட்டிலிருந்து செய்ய முடியுமா? தோட்டத்து ஆள் முகக்கவசத்தோடு காட்டுக்குப் போனார். பள்ளி மட்டும் வீட்டுக்கு வந்தது. என் அக்கா வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அத்தான் வேலை விட்டு வந்த பிறகுதான். லயத்தில் அலை கிடைக்காது. நடுவள் நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மண்மேட்டில் ஏறி, கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்துப் பாடத்தை இறக்குவாள். நகரத்துப் பிள்ளை அறைக்குள் உட்கார்ந்து படித்த அதே பாடம். இந்த இடைவெளி எனக்கு இன்றும் ஆறவில்லை.