மூத்த மகனின் மறுப்பு

நுழையும்முன்

மேற்படிப்பில் எப்பாடத்தைத் தேர்வது என்னும் வினா எழும்போது, வீட்டின் விருப்பமும் மாணவரின் விருப்பமும் எப்போதும் ஒன்றாய் அமைவதில்லை. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இவ்வினாவைப் பதினாறு வயதில் எதிர்கொண்டார்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். பத்துக் குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் அவரே மூத்த மகன். தந்தை சுப்பிரமணியன் இரயில்வே தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். இசையிலும் ஆழ்ந்த புலமை உடையவர். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தபின், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சந்திரசேகர், 1925இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இண்டர்மீடியட் வகுப்பை முடித்து, ஆனர்ஸ் எனப்பட்ட மூன்றாண்டுச் சிறப்புப் பட்டப்படிப்பில் சேரும் வேளையில்தான் சிக்கல் எழுந்தது.

மகன் இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வு எழுதி ஆட்சிப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். அதனைக் கொடுமை என்று கூறிவிட இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பணிகளுள் அது ஒன்று. ஊதியம், ஓய்வூதியம், ஊராரின் மதிப்பு ஆகியன அதில் உறுதி. ஆராய்ச்சியை நம்பி வாழ்வதற்கோ அன்று வாய்ப்புகள் மிகக் குறைவு. பெரிய குடும்பத்தைத் தாங்கிய ஒருவர் மூத்த மகனைக் குறித்து இவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

அவர்தம் தம்பியே சர். சி. வி. இராமன். இராமன் 1907இல் அரசின் நிதித்துறைப் பணியில் சேர்ந்து, அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் கல்கத்தாவில் ஆய்வு செய்தவர். 1917இல் அப்பணியைத் துறந்து பேராசிரியரானவரும் அவரே. இராமனின் வாழ்வில் தந்தையின் கண்ணுக்கு முற்பகுதியும் மகனின் கண்ணுக்குப் பிற்பகுதியும் தெரிந்தன போலும்.

சந்திரசேகரின் உள்ளம் கணிதத்தில் தோய்ந்திருந்தது. 1920இல் கணிதமேதை இராமானுஜன் மறைந்த செய்தியை நாளிதழில் கண்ட தாயார், ஒன்பது வயதுச் சிறுவனான அவரிடம் அதனைக் கூறினார். அந்நினைவு அவருடைய நெஞ்சில் இறுதிவரை நிலைத்தது. ஆகவே ஆனர்ஸ் வகுப்பில் கணிதமே பயில விரும்பினார். தந்தையோ இயற்பியலை வற்புறுத்தினார்.

தாயார் சீதாலட்சுமி மகனின் பக்கம் நின்றார். முறையான பள்ளிக்கல்வி மிகுதியாகப் பெறாத அவர், தாமே முயன்று ஆங்கிலம் கற்று, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். பிறர் வகுத்த வாழ்வுக்கும் தன் மனம் நாடும் வாழ்வுக்கும் இடையே தவிக்கும் பெண்ணின் கதை அது. மனத்திற்குப் பிடித்ததையே செய்யுமாறும் தந்தைக்கு அஞ்ச வேண்டாம் என்றும் அவர் மகனிடம் கூறினார்.

மகன் வீட்டை விட்டு வெளியேறவில்லை. படிப்பைக் கைவிடவும் இல்லை. தந்தையின் மனம் குளிர இயற்பியல் ஆனர்ஸில் பெயர் பதிவு செய்துகொண்டார். ஆனால் கணித வகுப்புகளுக்கும் சென்று அமர்ந்தார். ஆட்சிப் பணியைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் அவர் இறுதிவரை இணங்கவில்லை. இதனைக் கீழ்ப்படிதல் என்பதா, எதிர்ப்பு என்பதா? இரண்டும் கலந்த ஒன்று என்பதே பொருந்தும்.

விரும்பாமல் ஏற்ற இயற்பியல் விரைவிலேயே அவரை ஆட்கொண்டது. 1928இல் செருமானிய இயற்பியலறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய நூலை முன்னரே கற்றிருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அந்நூல் வெளிவந்தபின் இயற்பியலே பெரிதும் மாறிவிட்டது என அறிந்து முதலில் திகைத்தார். பின்னர்ப் புதிய கொள்கைகளைத் தாமே கற்கத் தொடங்கினார். மறு ஆண்டே அவரது ஆய்வுக் கட்டுரை இலண்டன் இராயல் கழக இதழில் வெளியாயிற்று. அப்போது அவர் பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை. கணிதப் பயிற்சி இன்றி அக்கட்டுரை இல்லை. தந்தை வற்புறுத்திய இயற்பியல் இன்றியும் அது இல்லை என்பதை மறைக்கலாகாது.

1930இல் இங்கிலாந்தில் பயில அரசின் உதவித்தொகை கிடைத்தது. தந்தை அனுப்ப எண்ணிய அதே நாடு, ஆனால் ஐ.சி.எஸ். தேர்வுக்காக அன்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்வதற்காக. அவ்வேளையில் தாயார் கடும் நோயுற்றிருந்தார். மூத்த மகன் தாயை இந்நிலையில் விட்டுச் செல்லலாமா என்னும் தயக்கம் எழுந்தது. தந்தையின் சொல்லை மறுக்க முடிந்த மகனுக்கு இம்முடிவு அதனினும் கடினமாயிற்று. அவர் செல்லவே வேண்டும் என வற்புறுத்தியவர் தாயாரே.

சூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்பயணத்தில் விண்மீன்களின் இறுதிநிலை குறித்து அவர் தொடங்கிய கணக்கீடுகளே பின்னர்ச் 'சந்திரசேகர் எல்லை' எனப் பெயர் பெற்றன. 1983இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தாயார் 1931ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மறைந்தார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.