சிறுவர் கைத்தொழில் முகாமும் அறப்பணி நிதியும்

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குக் கைத்தொழில் முகாம் நடத்தி, அதனால் சேரும் பணத்தை அறப்பணிக்கு வழங்கலாமா என்று சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் அவ்வப்போது வினவுவதுண்டு. வழங்கலாம் என்பதே நமது விடை. ஆயினும் சாத்தூர் வட்டாரத்தில் இதனை ஆராயாது தொடங்குதல் தகாது. குழந்தையின் கையால் பணம் ஈட்டுதல் என்னும் சொல்லுக்கு இப்பக்கத்தில் நெடுங்காலம் வேறு பொருள் இருந்தது. தீப்பெட்டி ஒட்டியும் கட்டை அடுக்கியும் வளர்ந்தவர்கள் நம் அங்கத்தினர்களிலேயே உள்ளனர். எனவே முதலில் கொள்கையையும் பின்னர் கணக்கையும் பார்ப்போம்.

பள்ளிச் சிறுவரின் கைத்தொழிலால் வருவாய் உண்டாக வேண்டும் என்னும் கருத்தை நம் நாட்டில் விரிவாக முன்வைத்தவர் காந்தியடிகள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், நூற்றல் போன்றதொரு தொழிலின் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என்றும், விளைபொருளின் வருவாய் ஆசிரியர் ஊதியத்துக்கு உதவக்கூடும் என்றும் அவர் எடுத்துரைத்தார். அம்மாநாட்டிலேயே பொருளாதார அறிஞர் கே. டி. ஷா இதனை மறுத்தார். பள்ளிகள் சரக்கு உற்பத்தி செய்யத் தொடங்கினால், அந்தச் சரக்கு கைத்தொழிலாளியின் சரக்குடன் சந்தையில் போட்டியிடும் என்பது அவரது வாதங்களுள் ஒன்று. திட்டத்தை வகுத்த ஜாகீர் உசேன் குழுவும், பொருளாதார நோக்கம் மேலோங்கிக் கல்வி நோக்கம் பலியாகிவிடும் அபாயம் உண்டு என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. திட்டத்தை ஆக்கியவர்களே இவ்வாறு எழுதி வைத்தது நேர்மையான செயல் என்பது நமது அபிப்பிராயம்.

ஷாவின் வாதம் நெசவாளர்க்குப் பெரிதும் பொருந்துவது. கூலி பெறாத சிறுவர் முடைந்த பையைச் சங்கம் மலிவாக விற்றால், கூலிக்கு முடைந்து வாழும் தாயின் பை விலை போகாது. அந்தத் தாய் நம் சங்கத்து அங்கத்தினராகவே இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த மாற்றுக் கல்வித் திட்டம் அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோர் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. அவர் 1957இலும் 1962இலும் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டமன்றம் சென்றார் என்பதை இவ்வூரார்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அறப்பணிக்காகக் கைவினை செய்வதற்கு வேறொரு வழியும் நம்மிடையே உண்டு. காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்ட பிப்ரவரி 12ஆம் நாளில், ஒவ்வொருவரும் தாமே நூற்ற ஒரு சிட்டம் நூலைக் காணிக்கையாக அளிக்கும்படி வினோபா வேண்டினார். சூதாஞ்சலி என்பது அதன் பெயர். நான்கடிச் சுற்றாக 640 சுற்று கொண்டது ஒரு சிட்டம். அதாவது 2,560 அடி, ஏறத்தாழ 853 கெஜம். ஒருவர்க்கு ஒரு சிட்டமே என்ற வரம்பைக் கவனிக்க வேண்டும். மிகுதியாக நூற்றவர்க்குப் பெருமை இல்லை. ஆகவே எவரையும் விரட்டி வேலை வாங்க இடமும் இல்லை. வெளிநாட்டில் ஓர் உதாரணம்: உலகப்போருக்குப் பின் உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஜிட்கா சாம்கோவா நன்றியாக வரைந்த ஓவியத்தை, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 1949இல் வாழ்த்து அட்டையாக அச்சிட்டது. அந்நிதியத்தின் வாழ்த்து அட்டைகளுக்கு அதுவே தொடக்கம். சிறுமி வரைந்தது ஓர் ஓவியம். பலவாக்கியது அச்சு இயந்திரம். நாம் இதைப் பின்பற்றலாம்.

சட்டத்தின் நிலையையும் அறிதல் வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுத்தது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் அபாயமற்ற உதவி போன்ற சில விலக்குகளே உள. சங்கம் குடும்பமாகாது. ஆதலால் முகாமில் சிறுவர் செய்வது கல்வியாக இருக்க வேண்டுமேயன்றி உற்பத்தியாக இருத்தல் கூடாது.

எத்தொழிலைக் கற்பிப்பது? பெட்டி ஒட்டுதலும் காகித உறை ஒட்டுதலும் எளியனவாயினும் இவ்வட்டாரத்தில் வேண்டாம். காரணத்தை மேலே கூறினோம். சாயம் காய்ச்சுதலும் வேண்டாம். தக்களி நூற்றல், பனையோலை முடைதல், களிமண் பொம்மை ஆகியவை தக்கன. வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் தக்களியும் சங்கு வளையல்களும் கிடைத்திருக்கின்றன. கரிசல் பருத்தியைக் கொட்டை நீக்கிப் பட்டை போட்டுத் தக்களியில் திரிக்கும் சிறுவனுக்கு இச்செய்தியைச் சொன்னால், பாடப்புத்தக வரலாறு கைக்கு எட்டும்.

இனிக் கணக்கு. இரண்டு நாள் முகாம், 40 சிறுவர், அவர்களுள் 10 பேர் ஏழைகள், கட்டணமில்லை என்று வைத்துக்கொள்வோம். மற்ற 30 பேர்க்குத் தலைக்கு 150 ரூபாய் வீதம் வரவு 4,500. கற்பிக்கும் கைவினைஞர் இருவர்க்கு நாளொன்றுக்கு 700 வீதம் 2,800. ஓலை, பஞ்சு, மண் 600. மோரும் சாத்தூர்ச் சேவும் 500. ஆகச் செலவு 3,900. மீதம் 600 ரூபாய். பலர் இங்கேதான் மனம் தளர்கின்றனர். மீதத்தைப் பெருக்கக் கைவினைஞர் கூலியைக் குறைக்கலாம் என்பர். அல்லது ஆளுக்கு ஐந்து பெட்டி முடையச் சொல்லி விற்கலாம் என்பர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. முன்னது அறத்தின் பெயரால் தொழிலாளியின் கூலியை வெட்டுவது. பின்னது நாம் விலக்க விரும்பிய அதே பழைய வழக்கம்.

வேறு வழி உண்டு. இறுதி மாலையில் கண்காட்சி வைத்து, சிறுவர் செய்த பொருளுக்கு விலை குறிக்காமல், வாயிலில் பூட்டிய உண்டியல் ஒன்றை வைக்கலாம். அருகே அங்கத்தினர் நெய்த துணியைச் சங்க விலைக்கே விற்கலாம். சிறுவன் செய்த பொருள் அவன் வீட்டுக்கே செல்லட்டும். நிர்வாகக் குழு, தன் நிகர இலாபப் பங்கீட்டில் துணைவிதிகள் இடந்தரும் அளவு பொது நல நிதியிலிருந்தும் ஒரு தொகை சேர்க்கலாம்.

எந்த அறப்பணி என்பதை முகாமுக்கு முன்னரே தீர்மானமாக எழுதுக. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவைவிடப் பொருத்தமான அறப்பணி இவ்வட்டாரத்தில் நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்பிள்ளைகளை மேடையேற்றிப் பணம் திரட்டுதல் கூடாது. தொகையைப் பள்ளியிலோ விடுதியிலோ நேரே செலுத்தி ரசீது பெறுக.

இப்பணத்தைச் சங்கத்தின் வியாபாரக் கணக்குடன் கலவாமல் பேரேட்டில் தனித் தலைப்பில் பதிக. ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணிட்டதாக இருக்கட்டும். உண்டியலை இரு நிர்வாகிகளும் பெற்றோருள் ஒருவரும் முன்னிற்கத் திறந்து எண்ணி, மூவரும் கையொப்பமிட்டு, மறுநாளே வங்கியில் செலுத்துக. இலவசமாகச் சேர்ந்த பத்துச் சிறுவரின் பெயர்ப்பட்டியல் மட்டும் காரியதரிசியிடம் இருக்கட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டாம்.