கண் சீட்டில் உள்ள எண்ணை வாசிப்போம்

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்று திரும்பும் பெரியவர்கள் கீழக்கரையில் பலர். அங்கே கண் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எங்களிடம் கொண்டுவரும் சீட்டுகளில், நோயின் பெயருக்கு அருகே ‘இ11.3312’ என்பது போன்ற ஓர் எண் அச்சாகியிருப்பதுண்டு. “இது பில் நம்பரா?” என்று கேட்போர் உளர். அது பில் எண் அன்று. வாப்பாவின் கண்ணுக்கு என்ன நேர்ந்துள்ளது என்பதை ஏழே குறிகளில் சொல்லிவிடும் நோய்க் குறியீடு அது.

அதனைப் பிரித்து வாசிப்போம். முதல் மூன்று குறிகளாகிய ‘இ11’ இரண்டாம் வகை நீரிழிவைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்வரும் 3, நீரிழிவு கண்ணைத் தாக்கியுள்ளது என்பதாகும். அடுத்த 3, விழித்திரை நோய் மிதமான நிலையில் உள்ளது என்பது. அங்கே 2 இருப்பின் லேசானது. 4 இருப்பின் கடுமையானது. 5 இருப்பின் விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துவிட்டன என்று பொருள். ஆறாவது குறியாகிய 1, பார்வையின் கூர்மைக்கு ஆதாரமான நடுப்பகுதியில் (மாகுலா) வீக்கம் உண்டு என்கிறது. 9 எனில் வீக்கம் இல்லை. கடைசிக் குறி எந்தக் கண் என்பது: 1 வலக்கண், 2 இடக்கண், 3 இரு கண்களும். 9 என்று இருந்தால் எந்தக் கண் என்று எவரும் எழுதவில்லை என்று பொருள். இக்கடைசிக் குறி 2016 அக்டோபரில்தான் சேர்க்கப்பட்டது.

இது அமெரிக்காவில் விரித்தமைக்கப்பட்ட வடிவம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு இதையே பயன்படுத்துகின்றனர். நம் நாட்டு மருத்துவமனைகள் பின்பற்றும் உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்தத்தில் இவ்வளவு விரிவு இல்லை. கண்ணைத் தாக்கிய இரண்டாம் வகை நீரிழிவுக்கு ‘இ11.3’, அதனுடன் விழித்திரை நோய்க்கு ‘எச்36.0’, அவ்வளவே. எந்தக் கண், எந்த நிலை, வீக்கம் உண்டா என்பனவற்றை இந்த எண்கள் சொல்லமாட்டா. எண் சொல்லாததை மருத்துவர் எழுதும் சொற்களே சொல்லியாக வேண்டும்.

குறியீடு இடும் பணியாளர் நோயாளியின் கண்ணைப் பார்ப்பதில்லை. சீட்டை மட்டுமே பார்க்கிறார். சீட்டில் இல்லாததை ஊகித்து எழுத அவருக்கு உரிமையும் இல்லை. “இரண்டாம் வகை நீரிழிவு, பார்வை மங்கல்” என்று மட்டும் இருந்தால், சிக்கல் ஏதுமற்ற நீரிழிவு என்னும் ‘இ11.9’ கோப்பில் ஏறிவிடலாம். “சர்க்கரை” என்று மட்டும் இருந்தால் வகை குறிப்பிடப்படாத நீரிழிவாகிய ‘இ14’ ஆகும். பின்னர் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ அக்கோப்பை விரிக்கும் மருத்துவர், கண் இன்னும் நலமாக உள்ளது என்றே எண்ண இடமுண்டு. இது சிறு பிழை அன்று. சென்னையில் நடைபெற்று 2005இல் வெளியான ‘க்யூர்ஸ்’ கண் ஆய்வில், நீரிழிவு உள்ளோரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. தொடக்கத்தில் வலியோ மங்கலோ தெரியாத நோய் இது. நோயாளிக்கே தெரியாததைச் சீட்டும் மறந்துவிட்டால் வேறு எவர் நினைவூட்டுவார்?

நாங்கள் அடிக்கடி காணும் குழப்பங்களுள் ஒன்று இன்சுலின் பற்றியது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பலரும் சில ஆண்டுகளில் இன்சுலின் போட்டுக்கொள்ள நேரிடும். அதனால் அவர்கள் முதல் வகையினர் ஆகிவிடுவதில்லை. ஆயினும் பத்தாம் திருத்தத்தின் பழைய பதிப்புகளில் முதல் வகைக்கு ‘இன்சுலின் சார்ந்த நீரிழிவு’ என்றே தலைப்பு இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் ‘இ10’ என்று தவறாக எழுதப்படுவதுண்டு.

கண்புரையில் குழப்பம் இன்னும் மிகுதி. அறுபது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிக்குப் புரை இருந்தால், அது முதுமையால் வந்ததா, நீரிழிவால் வந்ததா? முதுமைப் புரைக்கு ஒரு குறியீடு (எச்25), நீரிழிவுப் புரைக்கு வேறொன்று (எச்28.0). இதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். காப்பீட்டு மேசையில் அமர்ந்திருப்பவர் அல்லர். மருத்துவர் காரணத்தை எழுதாமல் விட்டால், முடிவு அந்த மேசைக்குப் போய்விடுகிறது. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, “புரைக்குக் காரணம் எது என்று எழுதுவீர்களா?” என்று கேட்பதில் தவறேதும் இல்லை. புரையை நீக்கிய பின்னும் பார்வை தெளியாவிடில், விழித்திரையில் முன்பே பாதிப்பு இருந்ததா என்னும் கேள்வி எழும். அறுவைக்கு முன்னைய சீட்டில் அது பதிவாகியிருந்தால் விடை உடனே கிடைக்கும்.

கண்ணுக்குள் செலுத்தும் ஊசிகளுக்கு மருந்தின் பெயர், எந்தக் கண், எத்தனையாவது ஊசி, தேதி ஆகிய நான்கும் தேவை. அடுத்த ஊசிக்கு வேறு ஊர் செல்வோருக்கு இவையே வழிகாட்டி. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இவ்வூசியைக் காப்பீட்டு நிறுவனங்கள் அடியோடு விலக்க இயலாது, உச்சவரம்பு வைக்கலாம்.

நீரிழிவு தொடங்கிய ஆண்டைச் சொல்லும்போது நிதானம் தேவை. சேர்க்கையின் பரபரப்பில் யாரோ ஒருவர் “பத்து வருஷமா இருக்கு” என்று சொல்லிவிட, உண்மையில் நான்கே ஆண்டுகளான நோய் பத்தாண்டு நோயாகப் பதிவாகிறது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 ஆண்டுகள். பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததா என்பதை இந்த ஒரு வரியைக் கொண்டே ஆராய்வர். மறுபுறம், கோரிக்கை நிறைவேற வேண்டும் என்பதற்காக ஆண்டைக் குறைத்து எழுதித் தருமாறு கேட்போரும் உண்டு. அதனை நாங்கள் செய்வதில்லை. பொய்யான ஆண்டு அடுத்த மருத்துவரின் சிகிச்சையையும் தவறான வழியில் செலுத்தும்.

உண்மையான பிழை இருப்பின் திருத்தலாம். பழைய வரியை அழிக்காமல், திருத்தத்தைத் தனியே எழுதி, மருத்துவர் தேதியிட்டுக் கையொப்பமிடுவார். அதற்குப் பழைய ஆய்வக அறிக்கையோ முதல் மருந்துச் சீட்டோ உதவும்.

ஆவணம் கேட்பது நோயாளியின் உரிமை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்றாண்டுக்குப் பின் அவை இருக்கும் என்று நம்பியிராதீர்கள். வெளியூர் புறப்படுமுன் டிஸ்சார்ஜ் சம்மரியுடன் ஓ.சி.டி. ஸ்கேன், விழித்திரைப் படங்கள் ஆகியவற்றின் நகலையும் பெற்றுச் செல்லுங்கள். அவை கைபேசியில் அனுப்பப்பட்டிருந்தாலும் அச்சுப்படி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.