கடல் கடந்த சைகையும் ஒரு பாதரசத் துளியும்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் 1024 ஆன்டெனாக்களையுடைய ரேடார், வானொலி அலைகளைக் கொண்டு வளிமண்டலத்தை ஆராய்கின்றது. இவ்வலைகளைச் செய்தி அனுப்பப் பயன்படுத்தியவர் யார் என மாணவர் வினவினால், மார்க்கோனி என்றே ஆசிரியர் விடை கூறுவது வழக்கம். அவ்விடையில் அடங்கியுள்ள ஒரு சிக்கலைப் பழைய ஆவணங்களின் துணையால் ஆராய்ந்தவர் புரோபீர் பந்தியோபாத்யாய் ஆவார்.

இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட சைகையை 1901 டிசம்பர் 12 அன்று, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அலையை உணர்வதற்கு அவர் கையாண்ட கருவியில் ஒரு பாதரசத் துளி இருந்தது. இத்தாலியக் கடற்படை அதிகாரி சொலாரி அதனை அவருக்கு அளித்திருந்தார். உலோகத் தூள் நிரப்பிய முந்தைய கருவிகளை ஒவ்வொரு சைகைக்குப் பின்னும் தட்டிச் சீராக்க வேண்டும். பாதரசக் கருவியோ தானாகவே முன்னிலைக்குத் திரும்பும். ஆதலால் தொலைபேசிக் காதுக்குழாயில் சைகையைத் தொடர்ந்து கேட்கலாம்.

இரும்பும் பாதரசமும் சேர்ந்த, தானே மீளும் இத்தகைய கருவியைக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் முன்னரே அமைத்து, 1899இல் லண்டன் ராயல் சங்கத்தின் வாயிலாக வெளியிட்டிருந்தார். 1998இல் அமெரிக்கப் பொறியியல் சஞ்சிகை ஒன்றில் பந்தியோபாத்யாய் இத்தேதிகளை வரிசைப்படுத்தி, கருவியின் மூலம் போஸினுடையதே என வாதிட்டார்.

இதைக்கொண்டு வானொலி முழுவதையும் போஸுக்கே உரியதாக்குவது மிகையாகும். மார்க்கோனி அன்று சைகையை உண்மையில் கேட்டாரா என்றே ஐயுறும் அறிஞரும் உளர். 1899ஆம் ஆண்டுக் கட்டுரையோ அச்சங்கத்தின் வெளியீட்டுத் தொகுதியில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது.